கல்லைக் கண்டால் படிப்பவரைக் காணோம்!

"கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்பது நாம் எல்லோரும் அறிந்த பழமொழி. தெருநாயை விரட்டக் கல் கிடைக்காத கதை அது என்றே பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஆனால் கல்லில் செதுக்கிய நாயைப் பற்றியது அது என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். நாயாகப் பார்ப்பவன் கண்ணுக்குக் கல் தெரிவதில்லை. கல்லாகப் பார்ப்பவன் கண்ணுக்கு நாய் தெரிவதில்லை. எப்படிப் பொருள் கொண்டாலும், பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நாம் இந்தப் பழமொழியைச் சற்றே மாற்றிச் சொல்லிக் கொள்ளலாம் என்பது என் எண்ணம். நம் ஊரில் கல்லைக் கண்டால் படிப்பவரைக் காணோம். படிப்பவர் வந்து சேரும்போது கல்லைக் காணோம்!

நான் சொல்வது கல்வெட்டுகளைப் பற்றி. தமிழ்க் கல்வெட்டு என்றாலே தஞ்சையும் காஞ்சியும் உத்தரமேரூரும்தான் நம்மவர் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பார்க்க வாடகை வண்டி பிடித்துக் குடும்பத்தோடு போகிறோம். தினமும் பஸ்ஸில் கடந்து போகும் தொம்மலூரிலும் மடிவாளாவிலும் பேகூரிலும் தமிழ் எழுத்து வெட்டிய கற்கள் நிற்கின்றன என்று சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். இந்த 'அப்படியா?'வோடு நின்றுவிடாமல், கல்லின் முன்னால் போய் உட்கார்ந்தவர்கள் சிலர் உண்டு. ஊரார் அவர்களைப் பைத்தியம் என்றார்கள். அந்தப் பைத்தியங்கள் இல்லையென்றால் நம் ஊரின் வயது நமக்கே தெரிந்திருக்காது.

குதிரையில் வந்த இன்ஸ்பெக்டர்

அவர்களில் முதல்வராக வைத்து எண்ணத் தக்கவர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ். பெயரைக் கேட்டு அன்னியர் என்று நினைத்துவிட வேண்டாம். 1837-ஆம் ஆண்டு இதே பெங்களூரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் லண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார்; அவென்யூ சாலையில் இருக்கும் ரைஸ் நினைவு ஆலயம் அந்தத் தந்தையின் பெயரைத் தாங்கி நிற்பது. மகன் இங்கிலாந்தில் படித்துவிட்டு 1860-இல் பெங்களூர் ஹைஸ்கூலுக்குத் தலைமை ஆசிரியராகத் திரும்பி வந்தார். அந்தப் பள்ளிதான் பின்னாளில் சென்ட்ரல் கல்லூரி ஆயிற்று. பிறகு மைசூர், குடகுப் பகுதிகளின் பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர் ஆனார்.

இன்ஸ்பெக்டர் வேலை என்றால் என்ன? குதிரை மீதேறி ஊர் ஊராகப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு தெரிகிறதா, வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு சம்பளத்துக்கு உரிய வேலை முடிந்தது. ஆனால் ரைஸின் கண் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. ஏரிக்கரையிலும், ஆலமரத்தடியிலும், இடிந்த கோவில் வாசலிலும் எழுத்தோடு நின்ற கற்கள் அவரைப் பிடித்துக் கொண்டன. பிடித்தது பிடித்ததுதான், வாழ்நாள் முழுதும் விடவில்லை.

வேறொருவர் எடுத்திருந்த புகைப்படங்களில் இருந்த கல்வெட்டுகளைப் படித்து 1879-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின் தாமே கற்களைத் தேடிப் புறப்பட்டார். 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற பெருந்தொகுதியின் முதல் பாகம் 1886-இல் வந்தது. பெங்களூர் மாவட்டத்துக்கான ஒன்பதாம் பாகமும் கோலாருக்கான பத்தாம் பாகமும் 1905-இல் வந்தன. பன்னிரண்டு பாகங்களிலும் சேர்த்து ஏறத்தாழ ஒன்பதாயிரம் கல்வெட்டுகள்! பஸ்ஸும் இல்லை, நல்ல சாலையும் இல்லை, படம் எடுத்து அனுப்பக் கைபேசியும் இல்லை. பண்டிதர்கள் சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இத்தனையும் செய்திருக்கிறார். கன்னட மக்கள் அவரை 'சாசனப் பிதாமகர்' என்று கொண்டாடுவதில் வியப்பு என்ன?

அவர் கன்னடக் கற்களை மட்டும் எடுத்துக்கொண்டு தமிழ்க் கற்களை ஒதுக்கிவிடவில்லை. தெலுங்கு, வடமொழி, தமிழ் என்று எந்த எழுத்து கண்ணில் பட்டாலும் சேர்த்தார். கல் எந்த மொழி பேசினாலும் அதைக் கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்த நியாயம். அன்று அவர் அப்படிச் செய்ததால்தான் நம் ஊர்த் தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றின் வாசகம் இன்று நம் கையில் இருக்கிறது.

வெங்களூரும் பெங்களூரும்

அந்த வாசகங்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன்.

மடிவாளா சோமேசுவரர் கோவில் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் கி.பி. 1247-ஐச் சேர்ந்த ஒன்று, வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. அந்த நிலம் எங்கே இருந்தது? வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழே! வேப்பூர் என்பது இன்றைய பேகூர். வெங்களூர் எது என்று நான் சொல்லத் தேவையில்லை. சில்க் போர்டு சந்திப்பில் நெரிசலில் சிக்கிக்கொண்டு நேரத்தைச் சபிக்கிறோமே, அதற்குக் கூப்பிடு தூரத்தில் நம் ஊரின் பெயர் தமிழ் எழுத்தில் கல்லில் இருக்கிறது.

இங்கே மொழிப் பித்துக்கு ஒரு நல்ல விருந்தும் இருக்கிறது. தமிழில் வகரத்தில் தொடங்கும் சொல் கன்னடத்தில் பகரமாக மாறுவதைப் பாருங்கள். நம் வேர் அவர்களுக்கு பேரு, விரல் பெரளு, வெல்லம் பெல்ல, வெண்ணெய் பெண்ணெ, வேண்டும் என்பது பேக்கு. அதே கணக்குத்தான் வெங்களூர் – பெங்களூரு, வேப்பூர் – பேகூரு. காய்கறிக் கடையில் 'பேக்கா?' என்று கேட்கிற கன்னடப் பெண்மணியும், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் 'வெங்களூர்' என்று உளி பிடித்து வெட்டிய சிற்பியும் ஒரே இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்! இதைத் தெரிந்துகொண்ட பிறகு கன்னடம் எனக்கு அன்னிய மொழியாகத் தோன்றுவதே இல்லை.

தொம்மலூர் சொக்கநாதர் கோவிலுக்கு வாருங்கள். பெயரைப் பார்த்துச் சிவன் கோவில் என்று நினைக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் பெருமாள். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளில் இந்த ஊர் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கப்படுகிறது. பட்டணம் என்றும் தேசி என்றும் வருவதால் வணிகர் கூடிய இடமாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ண இடமிருக்கிறது. இந்தப் பகுதிக்கு அன்று இலைப்பாக்க நாடு என்று பெயர். அந்த இலைப்பாக்கம்தான் இன்றைய எலகங்கா! விமான நிலையத்துக்குப் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் இனி இலைப்பாக்கத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

விபூதிபுரத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு. காட்டை வெட்டி, மேட்டைச் சமன் செய்து, ஊர் அமைத்து, மணலை அள்ளி ஏரி கண்ட செய்தியைச் சொல்கிறது. காலம் ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் காலம். மன்னன் கன்னட நாட்டவன், கல்வெட்டோ தமிழ். அவன் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை!

கதை போயிற்று, வரலாறு வந்தது

இந்தக் கல் பைத்தியங்களால் ஒரு தொல்லையும் உண்டு. நாம் ஆசையாகச் சொல்லி வந்த கதைகளைக் கெடுத்து விடுவார்கள். பெங்களூருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் நம் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? வேட்டைக்குப் போன வீரவல்லாள மன்னன் வழி தவறினான். ஒரு கிழவி அவித்த பயறு கொடுத்துப் பசி ஆற்றினாள். அதனால் 'பெந்த காளூரு' ஆயிற்று என்பார்கள். நல்ல கதைதான். ஆனால் பேகூர் நாகேசுவரர் கோவிலில் இருந்த கன்னட வீரக்கல் ஒன்று, ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்தது, 'பெங்களூருப் போர்' என்று பேசுகிறது. அந்த மன்னன் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னமேயே ஊருக்குப் பெயர் இருந்துவிட்டது. கிழவியின் பயறு ஆறிப் போயிற்று!

2018-இல் ஹெப்பாளில் கால்வாய் வேலை நடந்தபோது இன்னும் பழைய கல் ஒன்று வெளிப்பட்டது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தது, கி.பி. 750-ஐ ஒட்டியது என்கிறார்கள். படையெடுப்பை எதிர்த்து நின்று இறந்த கிட்டய்யா என்ற வீரனின் நினைவாக நட்டது. அந்தக் கல்லில் ஊரின் பழம்பெயர் 'பெர்' என்று தொடங்குகிறது. நமக்குப் 'பெரு' என்றால் பெரியது. அன்றைய கன்னடத்திலும் அப்படியே. பின்னால் கன்னடத்தின் பகரம் ஹகரமாயிற்று. பால் ஹாலு ஆயிற்று, பூ ஹூ ஆயிற்று, பத்து ஹத்து ஆயிற்று. அந்தப் 'பெர்'ரும் 'ஹெ' ஆகி ஹெப்பாள் ஆயிற்று. நாம் தினமும் திட்டிக்கொண்டே கடக்கும் மேம்பாலத்தின் பெயருக்குள் இவ்வளவு இருக்கிறது.

யார் முந்தி?

இங்கேதான் நான் இந்தக் கட்டுரையை எழுத முனைந்த காரணத்துக்கு வருகிறேன்.

தமிழ்க் கல்வெட்டைப் பற்றிச் சொன்னவுடனே நம்மில் சிலருக்கு நெஞ்சு நிமிர்ந்து விடுகிறது. "பார்த்தீர்களா, பெங்களூர் நம்முடையது! நாம்தான் முந்தி!" என்கிறார்கள். 1809-இல் கண்டோன்மெண்ட் வந்த பிறகு பிழைக்க வந்தவர்கள் என்று நம்மைச் சொல்கிறவர்களுக்கு இது பதிலாகுமே என்று அவர்களுக்கு ஆசை. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது இந்நகரில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் புரியும். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் பதினெட்டு ஆண்டுகள் சாக்குத் துணிக்குள் மூச்சடக்கி நின்றதையும் நாம் மறக்கவில்லை.

ஆனால் கல்லைப் படிக்கிறவன் முழுதும் படிக்க வேண்டும். வேண்டிய வரியை மட்டும் படித்துவிட்டு எழுந்து போகக் கூடாது. மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். ஹெப்பாள் கல்லும் பேகூர் வீரக்கல்லும் கன்னடம். தொம்மலூர், மடிவாளாத் தமிழ்க் கல்வெட்டுகளுக்கு அவை முந்தியவை. ராஜராஜ சோழன் காலத்தில், பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் தலைக்காட்டைப் பிடித்தார்கள். கோலாரிலும் பெங்களூர்ப் பக்கத்திலும் தமிழ் கல்லில் ஏறியது. 1117-ஐ ஒட்டி ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் சோழரை வெளியேற்றினான். நம் காலத்து வழக்கப்படி பார்த்தால் அதற்கு மறுநாளே தமிழ் எழுத்தெல்லாம் தார் பூசி அழிக்கப்பட்டிருக்க வேண்டும்! அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகும் நூறு, இருநூறு ஆண்டுகள் இங்கே தமிழில் கல்வெட்டுகள் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். ஹொய்சள ராமநாதன் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரில் இருந்தும், பின்னர் ஓசூர்ப் பக்கத்துக் குந்தாணியில் இருந்தும் ஆண்டான். அரசன் மொழி ஒன்று, ஊரார் மொழி ஒன்று. கொடை கொடுத்தவனுக்குத் தெரிந்த மொழியில் கொடை எழுதப்பட்டது. அவ்வளவுதான்.

ஆகவே இந்தக் கற்கள் நமக்குத் தருவது வீட்டுப் பத்திரம் அல்ல. நாம் இங்கே விருந்தாளியும் அல்ல, வீட்டுக்கார எஜமானரும் அல்ல; பல நூறு ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டுக்காரர் என்பதற்கான சாட்சி அவை. அந்தச் சாட்சி போதாதா?

இந்த நேர்மையை நான் வேறொரு பித்தரிடமும் காண்கிறேன். ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். தினமணிக்கு ஆசிரியராக இருந்தவர் என்பதால் நம்மில் பலருக்கு அப்படித்தான் அவரைத் தெரியும். கோப்புகளுக்கு நடுவே கிடைத்த ஓய்வை எல்லாம் குகைகளிலும் பாறைகளிலும் செலவழித்தவர் அவர். 1965-இல் புகளூர்க் கல்வெட்டைப் படித்து, சங்க நூல்களில் வரும் சேர மன்னர்களுக்குக் கல்லில் சாட்சி காட்டினார். சிந்துவெளி எழுத்துகளுக்கு 1977-இல் அட்டவணை நூல் வெளியிட்டார். தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய அவரது பெருநூல் 2003-இல் வந்தது. 2018-இல் மறையும் வரை அந்தப் பித்து தெளியவில்லை.

சித்தன்னவாசலில் உள்ள மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டில் 'எருமிநாட்டில்' பிறந்த ஒருவரைப் பற்றிய குறிப்பு வருகிறது. எருமை நாடு என்பது மைசூர்ப் பகுதி. நம் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் சிலவற்றில் கன்னடத்தின் சாயல் இருக்கிறது, கன்னட நாட்டிலிருந்து வந்த சமணர் வழியாக அது வந்திருக்கும் என்று மகாதேவன் தயங்காமல் எழுதினார். தமிழை அவரைவிட அதிகம் நேசித்தவர் யார்? இருந்தும், கல் சொன்னதை அவர் மறைக்கவில்லை. உண்மையான மொழிப் பற்றுக்கு அடையாளம் அதுதான் என்பேன்.

மறுபக்கத்திலும் இதே குணம் உண்டு. ஜெர்மனியில் பிறந்த கிட்டல் பாதிரியார் 1894-இல் மங்களூரில் வெளியிட்ட கன்னட அகராதியைப் புரட்டிப் பாருங்கள். ஒரு கன்னடச் சொல்லைத் தேடிப் போனால், பக்கத்திலேயே அதன் தமிழ் உறவுக்காரச் சொல் உட்கார்ந்திருக்கும். சொற்கள் சண்டை போட்டுக் கொள்வதில்லை. சண்டை போடுகிறவர்கள் அகராதியைத் திறப்பதில்லை!

படிப்பது அத்தனை எளிதா?

"தமிழ்தானே, போய்ப் படித்துவிட்டால் போகிறது" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது அத்தனை எளிதன்று. பழைய கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. 'கல' என்று இருந்தால் அது கல்லா, கலமா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. நடுநடுவே கிரந்த எழுத்து வரும். ஆண்டைச் சக ஆண்டில் சொல்லியிருந்தால் எழுபத்தெட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவுக்கும் மேலே எண்ணெயும் சுண்ணாம்பும் அப்பியிருக்கும்.

முறையாகப் படி எடுப்பவர்கள் கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன் மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் தட்டுவார்கள். பிறகு மை ஒற்றுவார்கள். பள்ளம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் எழுத்து எழுந்து வரும். எழுத்து பிடிபடாவிட்டால், வெயில் சாய்வாக விழும் நேரத்துக்காகக் காத்திருந்து நிழலில் எழுத்தைத் தேட வேண்டும். ஒரே ஒரு எழுத்துக்காக ஒரு மாலை முழுவதும் குந்தியிருக்கும் மனிதரை ஊரார் என்னவென்று அழைப்பார்கள்? நாம் அழைக்கும் பெயரையே அழைப்பார்கள். ஆனால் அப்படிக் குந்தியிருக்க ஆளில்லை என்றால் அந்த எழுத்து போனது போனதுதான்.

நம் காலத்திலும் அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. உதயகுமார் என்ற பொறியாளர், வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். தாம் வசிக்கும் ராஜாஜி நகர்ப் பக்கத்தில் ரைஸ் பதிவு செய்த கல் இன்று எங்கே என்று தேடப் புறப்பட்டார். பல கற்கள் இருந்த இடமே தெரியவில்லை. வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்குப் போனவை எத்தனையோ, சாலைக்கு அடியில் புதைந்தவை எத்தனையோ! அந்தத் தேடல் ஓர் இயக்கமாக வளர்ந்தது. 1909-இல் தொடங்கிய பெங்களூர் மிதிக் சொசைட்டியின் துணையோடு, இன்று கற்களை முப்பரிமாண முறையில் ஸ்கேன் செய்து கணினியில் சேமிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துபோன எழுத்துக்கூட அதில் துலங்குகிறது. கன்னடக் கல், தமிழ்க் கல் என்று அவர்களும் பேதம் பார்ப்பதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் குதிரையில் வந்த அந்தப் பித்து, இப்போது கணினியோடு வந்திருக்கிறது!

இதனால் என்ன பயன்?

"செத்துப்போன கல்லைப் படித்து என்ன ஆகப் போகிறது? வாடகை குறையுமா, தண்ணீர் வருமா?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். வாடகையைப் பற்றி எனக்குத் தெரியாது. தண்ணீரைப் பற்றிச் சொல்ல முடியும்.

2024-ஆம் ஆண்டு கோடையில் இந்நகரம் தண்ணீருக்குத் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் ஊர்க் கல்வெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள்: ஏரி வெட்டினான், தூம்பு வைத்தான், கரை கட்டினான் என்ற செய்தி வந்துகொண்டே இருக்கும். ஏரியைப் பராமரிக்க நிலம் ஒதுக்கினார்கள். அதற்குத் தமிழில் ஏரிப்பட்டி என்று பெயர், கன்னடத்தில் பிட்டுவட்டம். அந்த நிலத்தை அபகரிப்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபமும் சேர்த்து எழுதி வைத்தார்கள். எத்தனை ஏரிகளின் மேல் இன்று பஸ் நிலையமும் குடியிருப்பும் நிற்கின்றன! சாபம் பலித்ததா என்று தெரியாது. கோடையில் குழாயைத் திறந்து பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்கிறது. எந்த ஏரி எங்கே இருந்தது, எது யாருக்கு விடப்பட்டது என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடியவை அந்தக் கற்கள். சாட்சியை உடைத்துவிட்டால் வழக்கு என்ன ஆகும்?

நாம் செய்யக் கூடியவை

நம் சங்கங்களில் பொங்கல் விழா நடக்கிறது, பட்டிமன்றம் நடக்கிறது, நடனம் நடக்கிறது. எல்லாம் வேண்டும்தான். 'கல் தோன்றி மண் தோன்றா' என்று மேடையில் முழங்குவதும் நடக்கிறது. தோன்றிய கல் நம் தெருக்கோடியிலேயே கிடக்கும்போது அதைப் படிக்க ஆளில்லாமல் போனால் அந்த முழக்கத்துக்கு என்ன மதிப்பு?

என் வேண்டுகோள் பெரிதல்ல. ஒன்று: சங்கத்தின் உறுப்பினர்கள் பிள்ளைகளோடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு பழைய கோவிலுக்குப் போகட்டும். கற்களைப் படம் எடுத்து, இடம் குறித்து வைக்கட்டும். புதிதாக ஏதாவது தென்பட்டால் தொல்லியல் துறைக்கோ மேலே சொன்ன அமைப்புக்கோ தெரிவிக்கட்டும். இரண்டு: திருப்பணிக்கு நன்கொடை கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போடுங்கள். எழுத்துள்ள சுவரில் மணல் வீச்சு வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், டைல்ஸ் ஒட்ட வேண்டாம். பக்தியால் அழிந்த எழுத்து படையெடுப்பால் அழிந்ததைவிடக் குறைவல்ல என்பது என் கணிப்பு. மூன்று: கன்னட நண்பர்களை உடன் அழைத்துப் போங்கள். கன்னடக் கல்லை அவர்கள் படிக்கட்டும். தமிழ்க் கல்லை நாம் படிப்போம். ஒருவர் கல்லை மற்றவர் காப்போம்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இங்கே பிறந்த நம் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள்; எழுத்துக் கூட்டத் தெரியாது. பள்ளியில் கன்னட எழுத்து படிக்கிறார்கள். அது நல்லது, அவசியமும்கூட. அதோடு தமிழ் எழுத்தையும் கற்றுக் கொண்டால், இந்த ஊரின் இரண்டு வகைக் கற்களையும் படிக்கும் தகுதி அவர்களுக்குத்தான் வரும். சென்னையில் வளரும் பிள்ளைக்கும் கிடைக்காத, தார்வாரில் வளரும் பிள்ளைக்கும் கிடைக்காத பேறு அது! அதைக் கை நழுவ விடுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரைஸ் 1906-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குப் போனார். 1927-இல், தொண்ணூறை எட்டும் வயதில் காலமானார். அவர் படித்த கற்களில் பல இன்று இல்லை. அவர் அச்சில் ஏற்றிய எழுத்து இருக்கிறது. மிஞ்சியிருக்கும் கற்களாவது அடுத்த தலைமுறைக்கு நிற்க வேண்டுமானால், நம் கூட்டத்திலும் ஒன்றிரண்டு 'கல் பைத்தியங்கள்' பிறக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, "இது ஏன் இப்படி?" என்று ஓயாமல் துளைத்தால் அதட்டி உட்கார வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் சாயும் நேரம் பார்த்து, மடிவாளாவுக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.